வேப்பம்பூ போட்ட பீர்

காரைவெளி,
நீடாமங்கலம் வழி.
2-8-2002

அன்பு மகன் நன்மாறனுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். புது வேலையில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு குறையுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடச் சொன்னாள் உன் அம்மா. நாற்பது வருடமாகப் போடாத கை இன்றைக்கு மட்டும் எப்படிப் போடும் என்று கேட்டேன். தங்கமணி கோபித்துக்கொண்டு அவளே ஓரத்தில் போட்டுவிட்டாள். கண்டுகொள்ளாதே.

மேட்டூர் இந்த வருடம் திறக்கவே இல்லை. ஆற்றில் வண்டியை இறக்கி மணல் அள்ளுகிறார்கள். குறுவை போயிற்று. போர் வைத்திருப்பவன் பிழைத்தான், மற்றவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆட்சி எது வந்தாலும் காவிரிக்கு மட்டும் கண் தெரிவதில்லை.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். நம் ரோட்டோரத்து ஒன்பது மா நிலத்தை, அந்த மூன்று ஏக்கரைப் பற்றித்தான். பட்டா என் பேரில், சாகுபடி ஐயாவு பேரில். அவன் அப்பன் இளையபெருமாள் காலத்துக் குத்தகை. போன மார்கழியில் உனக்கு வேலை போய், பெட்டியோடு வந்து இறங்கினாயே, ஏழு மாதம் கூடத்தில் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அப்போதே முடிவு செய்தேன். அந்த நிலத்தை விற்று உனக்கு ஒரு தொழில் வைத்துக் கொடுப்பது என்று. ரோட்டோரம் என்பதால் கல்யாண மண்டபம் கட்ட ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீ இப்போது திரும்பப் போய்விட்டாய், சந்தோஷம். ஆனால் உன் வேலை மறுபடி போகாது என்று எந்த அமெரிக்காக்காரன் எழுதிக் கொடுப்பான்? குத்தகை நீங்கி நிலம் கையில் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

குத்தகைதாரனை எழுப்புவது படுத்த யானையை எழுப்புகிற மாதிரி. ஒன்று, அவன் குத்தகை நெல்லைப் பாக்கி வைக்க வேண்டும். ஐயாவு ஒரு கலம்கூட வைத்ததில்லை. இல்லையென்றால், நிலத்தில் விவசாயம் தவிர வேறு காரியம் நடக்க வேண்டும். வக்கீல் சாரங்கபாணி ஆறு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று.

பட்டது. கண்ணில் இல்லை, மூக்கில். நீ புறப்பட்டுப் போன அடுத்த வாரம் வயல் பக்கம் நடந்தேன். அவன் மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு வாடை வந்தது பார், புளித்த கூழ் மாதிரி, அதிலேயே ஒரு கசப்பு, அதற்கு மேல் நார்த்தங்காய் நறுக்கின மாதிரி. கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் டிரம். தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு முங்கிக்கொண்டு ஐம்பது பாட்டில்! அடப்பாவி, பொண்ணை டீச்சராக்கிவிட்டு இவன் இங்கே சாராயம் காய்ச்சுகிறானே என்று பகீரென்றது. அதற்கடுத்த நிமிடம் சந்தோஷமாகவும் இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

சாரங்கபாணி சொல்லச் சொல்ல, என் கையாலேயே போலீசுக்கு மனு எழுதினேன். கள்ளச்சாராயத்தைப் பிடி என்று மேலிடத்து உத்தரவு இருக்கும் நேரம், மறுநாளே ஜீப் வந்துவிட்டது. நானும் கூடப் போனேன். ஒரு பாட்டிலைத் திறந்த ஏட்டுக்கு மூஞ்சியெல்லாம் நுரை. சிரிப்பை அடக்க முடியவில்லை. சாராய ஊறல் என்று பறிமுதல் மகஜரில் எழுதி, கொட்டகைக்குச் சீல் வைத்து, ஐயாவுவை ஜீப்பில் ஏற்றினார்கள்.

இனிமேல்தான் கேள். அவன் ஏறும்போது இன்ஸ்பெக்டரிடம் என்ன சொன்னான் தெரியுமா? "இது சாராயம் இல்லீங்க, பீருங்க. நம்ம தம்பி வெச்சதுங்க. திறக்காம பாத்துக்கச் சொல்லிட்டு ஊருக்குப் போயிருக்குங்க" என்றான். தம்பி என்றால் நீ! எனக்குக் காது சுட்டது. "என் மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் இன்ஜினியர். இவன் கொட்டகையில் ஊறல் போடத்தான் ஏரோப்பிளான் ஏறி வந்தானா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ அண்ணன் அண்ணன் என்று அவன் வீட்டில் உட்கார்ந்து கூழ் குடித்ததற்கு இதுதான் பலன். அப்போதே சொன்னேன், கேட்டாயா?

ஒன்று மட்டும் செய். உனக்கும் அந்தக் கொட்டகைக்கும் சம்பந்தமில்லை என்று உன் கைப்பட ஒரு வரி எழுதி அனுப்பு. வக்கீல் கேட்கிறார். போனில் சொன்னால் கோர்ட்டில் செல்லாதாம். மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. எல்லாம் நமக்குச் சாதகமாகத்தான் போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நூறாண்டு வாழ வேண்டும்.

அன்புடன்,
உன் அப்பா
பஞ்சநதம்


காரைவெளி,
17-8-2002

அன்பு மகன் நன்மாறனுக்கு,

உன் அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று தெரியவில்லை. முதல் கடிதம் இன்னும் வராமல் இருந்தால் ரொம்ப நல்லது. வந்திருந்தால் கிழித்துப் போடு. அதில் கேட்ட ஒரு வரியை எழுதாதே. நான் சொல்லும்வரை எதையும் எழுதாதே.

நேற்று முன்தினம், சுதந்திர தினத்தன்று, ஐயாவு மகள் பொன்னுத்தாய் வந்தது. நன்னிலத்தில் டீச்சராக இருக்கிறதல்லவா, பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு, குத்திய கொடிகூடக் கழற்றாமல் நேராக இங்கே வந்துவிட்டது. உன் அம்மா உட்காரச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள், அது உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டியது. "இது யாரு கையெழுத்துன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றது.

கண்ணாடியைப் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கு 'அ'னா போடக் கை பிடித்துக் கொடுத்தவன் நான். அந்தக் கோழிக்கிறுக்கல் வேறு யாருக்கு வரும்?

மேலே ஐ.பி.ஏ. என்று எழுதியிருந்தது. எனக்கு ஐ.பி.சி. தெரியும், இது என்ன என்று கேட்டேன். இந்தியா பேல் ஏல் என்று நீ அவர்களிடம் விளக்கம் சொல்லியிருக்கிறாய். வெள்ளைக்காரன் தன் ஊரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பிய பீராம், வழியில் கெடாமலிருக்கக் கசப்பை அள்ளிப் போடுவானாம். பேரில் இந்தியா இருக்கிறது, இந்தியாவில் கிடைக்கிற பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. அதனால்தானே இந்தக் கூத்தெல்லாம்.

தாளை நான் நாலு தடவை படித்தேன். கும்பகோணத்து மருந்துக் கடையில் பார்லி வாங்கி ஊறப் போட்டாய், தோல் சீவின பார்லி முளைக்கவில்லை. அம்சத்திடம் கேட்டிருக்கிறாய், ஐயாவுவின் பெண்சாதி, குழந்தைக் கஞ்சிக்குக் கேழ்வரகு முளைகட்டுகிறவள். பார்லிக்குப் பதில் கேழ்வரகு. ஒரு நாள் ஊற வைத்து, இரண்டு நாள் ஈரத்துணியில் கட்டி, காயவைத்து, ஒன்றிரண்டாக உடைத்து, கை பொறுக்காத வெந்நீரில் ஒரு மணி நேரம். ஹாப்ஸ் என்ற பூ கிடைக்காது, அதற்குப் பதில் வேப்பம்பூ. ஹாப்ஸில் நார்த்தங்காய் வாசம் வருமாம், அதற்கு நார்த்தை இலையும் தோலும், இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால். ஈஸ்டு ரொட்டிக் கடையில் வாங்கியது. இந்த வெயிலுக்குக் கெட்டுவிடும் என்று போர்த் தண்ணீர்த் தொட்டியில் வைக்க வேண்டும், தினமும் இரண்டு வேளை தண்ணீர் மாற்ற வேண்டும். கடைசியில் பெரிய எழுத்தில், "நான் போன் பண்ணிச் சொல்லும்வரை திறக்காதீங்கண்ணே".

நீ சொன்னபடியே செய்திருக்கிறான் அந்த மனுஷன். இரண்டு வேளையும் தண்ணீர் மாற்றியிருக்கிறான். பொன்னுத்தாய் பிறந்த நாளிலிருந்து சொட்டுக் குடிக்காதவன். எனக்கே அது தெரியும், ஊருக்கே தெரியும். பிறகு அன்றைக்கு என் மூளை எங்கே போயிற்று என்று கேட்கிறாயா? நிலத்துக்குப் போயிற்று.

"நீங்க ஏம்மா இதுக்கெல்லாம் இடம் கொடுத்தீங்க?" என்று பொன்னுத்தாயிடம் கேட்டேன். கேட்க எனக்கு என்ன வாய் பார். "அது வேலை போயி பைத்தியம் புடிச்ச மாதிரி கரையில நடந்துக்கிட்டிருந்துச்சு சார். இதைச் செய்யும்போதுதான் சிரிச்சுப் பேசுச்சு. அப்பா பாவம்னு விட்டுட்டாரு" என்றது. நான் மோட்டுவளையைப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே போய்ச் சிரித்தாய் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஐயாவுவுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. கிளைச் சிறையில் இருக்கிறான். குண்டர் சட்டத்தில் போட்டால் ஒரு வருடம் உள்ளேயே வைத்துவிடுவார்கள், அப்புறம் குத்தகையும் போய்விடும். கொட்டகைக்குச் சீல் என்பதால் மோட்டார் ஓடவில்லை. அவன் சம்பாவுக்கு விட்ட நாற்று பாதி கருகிவிட்டது. அம்சம் குடத்தில் மொண்டு ஊற்றுகிறாளாம். நாற்றங்காலுக்குக் குடத்தில் ஊற்றினால் என்ன ஆகும்?

"தாள் என்னிடமே இருக்கட்டும்மா" என்றேன். பொன்னுத்தாய் கைப்பையை மூடிக்கொண்டது. "இது ஒண்ணுதான் சார் எங்கக்கிட்ட இருக்கு. ஸ்டேஷன்ல குடுத்தா கிழிச்சிருவாங்க. நீங்க கிழிக்க மாட்டீங்க, அதான் உங்கக்கிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

நேற்றுக் காலை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், தெரியாமல் எழுதிவிட்டேன் என்றேன். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, நிதானமாகச் சொன்னார். "அய்யா, எழுதிக் குடுத்ததும் நீங்க. மகஜர்ல கையெழுத்துப் போட்டதும் நீங்க. சரக்கு புடிச்சது நிஜம். அது அவனோடது இல்லேன்னா யாரோடது? பேரைச் சொல்லுங்க, மாத்தி எழுதிக்கறேன்." பேனாவை எடுத்துத் திறந்தும் வைத்துக்கொண்டார்.

நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நினைத்தவன் நான், கெட்டவன் அவன். பார்லிக்குப் பதில் கேழ்வரகு போட்டாய், பூவுக்குப் பதில் வேப்பம்பூ போட்டாய், உனக்குப் பதில் நான் ஐயாவுவைப் போட்டுவிட்டேன்.

நீ செய்தது கொலைக்குற்றமில்லை. அங்கே அதை வீட்டுக்கு வீடு செய்கிறார்களாம், பொன்னுத்தாய் சொன்னது. இங்கே அதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. அது சரி. ஆனால் இப்போது என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மா பக்கத்தில் இருப்பாள், அதனால்தான் எழுதுகிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

அன்புடன்,
அப்பா


காரைவெளி,
12-9-2002

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் முதலில் கேட்டிருந்தபடியே எழுதியிருக்கிறாய். "எனக்கும் அந்தக் கொட்டகையில் இருந்தவற்றுக்கும் எந்தவிதச் சம்பந்தமும் இல்லை." கீழே கையெழுத்து, தேதி. என் இரண்டாவது கடிதம் உனக்கு வருவதற்கு முன்பே இது கிளம்பிவிட்டது என்று தேதியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தபால்காரர் கொடுத்ததும் பிரித்துப் படித்துவிட்டு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டவன் நான்தானே, உன்னைச் சொல்லி என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு உன்னோடு பேசினேன். உன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டுமென்றுதான் போனை எடுத்தேன். நீ அழுதாய். ஒரு போலீஸ் கேஸில் பேர் வந்தால் விசா போய்விடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள், இனி ஒருநாளும் உள்ளே விடமாட்டார்கள் என்றாய். பழையபடி அந்தக் கூடத்தில் வந்து படுக்க என்னால் முடியாதுப்பா என்றாய். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அவ்வளவு தூரத்திலிருந்து பக்கத்தில் கேட்டது. உடனே என் வாய் என்ன சொல்லிற்று? "சரிடா, சரிடா, பயப்படாதே, அப்பா பார்த்துக்கிறேன்." போனை வைத்த பிறகுதான் என்ன பார்த்துக்கொள்வேன் என்று யோசித்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வக்கீலுக்குப் பணம் அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம். பணத்தால் தீர்கிற காரியமாக இருந்தால் நான் வீட்டை அடமானம் வைத்துத் தீர்த்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை சிறைக்குப் போய் ஐயாவுவைப் பார்த்தேன். இளைத்துவிட்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நான் பார்க்க வந்ததற்கு அவன் சங்கடப்படுகிறான். நாற்றைப் பற்றிக் கேட்டான். கருகிவிட்டது என்று சொல்ல மனமில்லாமல், இருக்கிறது என்றேன். அடுத்து, "தம்பி லெட்டர் போட்டுச்சுங்களா?" என்றான். உன் கடிதம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. இல்லை என்றேன். "போடுங்க. அதுக்கு விஷயம் தெரிஞ்சா போடாம இருக்காது. அது வந்துட்டா நான் வெளிய வந்துருவேங்க" என்றான். அங்கிருக்கும் வார்டரிடமெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறானாம், அமெரிக்காவிலிருந்து லெட்டர் வரப்போகிறது என்று. நான் வாங்கிக்கொண்டு போன வாழைப்பழத்தை அவன் கையில் கொடுக்க மறந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இதற்கு மேல் நடந்ததைக் கேள். நேற்று அம்சம் வந்தாள். கூட பொன்னுத்தாய் இல்லை, அதற்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். வந்தவள் தரையில் உட்கார்ந்தாள். உன் அம்மா பதறிப்போய்த் தூக்கினாள், எழுந்திருக்கவில்லை. "அய்யா, அந்த ஒம்போது மாவ நாங்க விட்டுடறோம். எங்க வேணும்னாலும் ரேகை வெக்கிறேன், அவரையும் போடச் சொல்றேன். ஆளை மட்டும் வெளிய கொண்டாந்து விட்டுடுங்க. வருஷக்கணக்கா உள்ள போட்டா அது செத்துரும்" என்றாள். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. உன்னோடு பேசுவாளோ என்னவோ, தெரியாது.

சாரங்கபாணியிடம் போனேன். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கு சார்" என்றார். குத்தகை உரிமையை விட்டுக்கொடுப்பதாக ராஜிப் பத்திரம் ஒன்று. அதில் கையெழுத்தானதும் நான் போலீஸிலும் கோர்ட்டிலும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை, இருட்டாக இருந்தது, யார் வைத்தது என்று தெரியாது என்று சொல்ல வேண்டும். முதல் சாட்சியே நான்தான், நான் குழறினால் கேஸ் நிற்காது. ஐயாவு வெளியே வந்துவிடுவான். உன் பேர் எங்கேயும் வராது. நிலம் நமக்கு வந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறார். பத்திரம் அடித்துத் தயாராக இருக்கிறது. வருகிற 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை கையெழுத்து.

பத்திரம் இல்லாமலே நீங்கள் குழறுங்களேன் என்பாய். அதையும் கேட்டேன். சும்மா குழறினால் மனு எழுதிய நானே பொய்ப் புகார் கொடுத்தவன் ஆவேன், இன்ஸ்பெக்டர் விடமாட்டார், ஏன் என்று தோண்டுவார், தோண்டினால் நீ வருவாய் என்கிறார். ராஜி என்றால் அவர்களும் ஊர்ச் சண்டை என்று விட்டுவிடுவார்களாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஐயாவு தலையில்தான் போய் முட்டுகிறது.

உன்னிடம் நான் ஒருபோதும் சொல்லாதது ஒன்று உண்டு. எனக்கு இருபத்துநாலு வயது இருக்கும். நம் கட்சி ஆட்சிக்கு வந்து நாலு வருடம். "உழுதவனுக்கே நிலம்" என்று ஊர் ஊராக மேடை ஏறிக் கத்திக்கொண்டிருந்தேன். குத்தகைதாரர் பேரைப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்தது. இளையபெருமாளுக்குப் பயம், என் அப்பாவைக் கேட்காமல் செய்ய மாட்டேன் என்றார். நான்தான் அவரை சைக்கிளில் உட்கார வைத்துத் தாலுகா ஆபீசுக்கு மிதித்துக்கொண்டு போனேன். என் அப்பாவுக்கு எதிராகச் சாட்சிக் கையெழுத்தும் நானே போட்டேன். அப்பா ஒரு வருடம் என் முகத்தில் விழிக்கவில்லை. மேடையில் பேசியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று என்னைக் கேட்காதே. என் கையால் நடந்தது அந்த ஒன்றுதான். அதை வெள்ளிக்கிழமை இதே கையால் அடித்துவிடச் சொல்கிறார்கள்.

பொன்னுத்தாய் கொடுத்த தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கே கோர்ட்டில் நீட்டலாம். என்னை யாரும் தடுக்கவில்லை. இரண்டு தடவை செருப்புவரை போட்டுவிட்டேன். வாசற்படியைத் தாண்டினால் நீ போனில் அழுதது கேட்கிறது. சரி என்று உள்ளே வந்து உட்கார்ந்தால் அம்சம் தரையில் உட்கார்ந்தது தெரிகிறது. நான் பெரிய பகுத்தறிவுக்காரன், பேச்சாளன், எவனுக்கும் பயப்படாதவன். அட போடா, உன் அப்பன் ஒரு கோழை. இதை உனக்கு எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் போய் உண்மையைச் சொன்னால் ஐயாவு ஒருவேளை என்னை மன்னித்துவிடுவான். அதுதான் பயமாக இருக்கிறது. பொன்னுத்தாய் மன்னிக்காது. அது நல்லது.

நீ வர வேண்டாம். வேலையை விட்டுவிடு என்றும் நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னால் முடியவும் முடியாது. அங்கேயே ஒரு வக்கீலைப் பார்த்துக் கேள். வீட்டில் பீர் செய்ததை ஒத்துக்கொண்டால் உண்மையிலேயே விசா போகுமா, அல்லது நாம் இரண்டு பேரும் பயந்துகொண்டு இப்படி ஆடுகிறோமா என்று கேள். எனக்கு அதுகூடத் தெரியாது. தெரியாமலேயே ஒருவனை நாற்பது நாளாக உள்ளே வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, பொன்னுத்தாயிடம் பேசு. அதன் பள்ளிக்கூடத்து நம்பரை இந்தக் கடிதத்தின் பின்புறம் எழுதியிருக்கிறேன். நம் ஊர் நேரம் காலை பதினொரு மணிக்கு இடைவேளை, அப்போது கூப்பிட்டால் டீச்சரைக் கூப்பிட்டு விடுவார்கள். என்ன முடிவோ, அதை அதனிடம் நீ உன் வாயால் சொல். என்னிடம் சொல்ல வேண்டாம். என்னிடம் சொன்னால் நான் மறுபடியும் சரிடா சரிடா என்றுதான் சொல்வேன்.

இந்தக் கடிதம் இருபதுக்குள் உனக்கு வந்துவிடும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பத்திரம். அதற்குள் பேசிவிடு.

நீ அங்கே தலைநிமிர்ந்து, ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். ஐயாவு அவர் நிலத்துக்கு உரிமையோடு திரும்பி வர வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஒன்றைத்தான் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது என்று என்னைக் கேட்காதே, மகனே.

உன்,
அப்பா